ஈரத்துக்குப் பயந்த ஊர்

மூன்றாவது வரிசையின் கடைசியில் நின்ற அந்தக் கம்பியூட்டர்ப் பெட்டிக்கு ஒரு விசித்திரமான நோய் இருந்தது. யாரும் கிட்டப் போகாதவரை அது நன்றாக ஓடும். இரவு முழுக்க ஓடும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓடும். எப்படியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாமென்று யாராவது போனால், போன நேரம் பார்த்துப் படுத்துவிடும். பச்சை விளக்குகள் ஒன்றாக அணையும். விசிறிகளின் இரைச்சல் ஒரு கணம் தணியும். பிறகு தானாகவே ஆரம்பத்திலிருந்து எழும்பத் தொடங்கும். அது முழுதாக எழும்பி முடிக்கும் வரை, அதற்குள் ஓடிக்கொண்டிருந்த கொழும்புக் கம்பனிகளின் வேலையெல்லாம் அந்தரத்தில் தொங்கும்.

"டொக்டரக் கண்டா மயங்கி விழுற நோயாளி மாதிரி இருக்கு மிஸ்," என்றான் திலக்ஷன். அவன்தான் அங்கே டெக்னீஷியன். "நம்ம போகாம விட்டா நல்லாத்தான் இருக்கும்போல."

"போகாம எப்புடி விடுறது? அப்ப நமக்குச் சம்பளம் எதுக்கு?"

சொன்னாளே தவிர ஜீவராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டடத்தைச் சுத்தமாகவும் தடங்கலில்லாமலும் ஓடவைக்கும் பொறுப்பு அவளுடையது. பெட்டியைத் திறந்து பார்த்தாயிற்று. உள்ளே இருந்த பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றியாயிற்று. கரண்ட் எங்காவது கசிகிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்தாயிற்று, கசிவு இல்லை. வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து விசாரணைக்கு ஓர் ஆள் வருகிறார். அதற்குள் காரணம் தெரியாவிட்டால், துப்புரவு வேலை செய்யும் அம்மாக்கண்ணுவின் கவனக்குறைவுதான் காரணமென்று முடிவாகிவிடும். வேலை போய்விடும். புருஷன் இல்லாத, ஐம்பதைத் தாண்டிய, தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சுமக்க முதுகு இனி இடம்கொடுக்காத ஒருவருக்கு, லிந்துலைப் பக்கத்தில் வேறு வேலை என்று ஒன்று இல்லை.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் தேயிலை ஸ்டோர். தேயிலைத் தொழிற்சாலையை இந்தப் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். தோட்டத்துக் கொழுந்து வேறொரு ஸ்டோருக்கு லொறியில் போகத் தொடங்கியபின் இது பல வருடம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒரு கொழும்புக் கம்பனி எடுத்து டேட்டா சென்டர் ஆக்கியது. கம்பியூட்டர் வேலை செய்தால் சூடாகும். நூற்றுக்கணக்கில் ஒரே மண்டபத்தில் அடுக்கினால் அந்த இடமே அடுப்படியாகிவிடும். கொழும்பில் அந்தச் சூட்டைத் தணிக்கப் பெரிய பெரிய ஏஸி வேண்டும். இங்கே தேவையில்லை. மலையின் குளிர்ந்த காற்றை வடிகட்டி உள்ளே இழுத்துவிட்டு, சூடான காற்றை வெளியே தள்ளினால் போதும். குளிர் அதிகமான நாட்களில் சூடான காற்றில் ஒரு பங்கைத் திருப்பி, வெளிக்காற்றோடு கலந்து மறுபடி உள்ளே விடுவார்கள். முன்பு கொழுந்தைப் பரப்பி வாட்டிய மேல்மாடிதான் இப்போது சர்வர் அறை. நீளமான மாடி, பக்கவாட்டில் வரிசையாக ஜன்னல்கள். காற்றுக்காகவே கட்டியது.

நோய் தொடங்கியது ஜனவரியில், தேயிலையைப் பனி கருக்கத் தொடங்கிய வாரத்தில். அன்று காலை திலக்ஷன் பெட்டியைப் பார்க்க உள்ளே போனான். அம்மாக்கண்ணு முதல் வரிசைப் பக்கம் ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டி படுத்தது. மேனேஜர் றோலண்ட் ஓடிவந்து பார்த்தபோது அறைக்குள் அவர் கண்ணில் முதலில் பட்டது தண்ணீர் வாளி.

இதைப் புரிந்துகொள்ள இந்த ஊரைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே எல்லாருக்கும் பொதுவான எதிரி ஈரம். தோய்த்த உடுப்பு நாட்கணக்கில் காயாது. உப்பு ஜாடிக்குள்ளேயே அழுதுகொண்டிருக்கும். நெருப்புப்பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காவிட்டால் குச்சி பற்றாது. அலுமாரிக்குள் ஒரு பல்ப் எரியாத வீடு கிடையாது. வெளிச்சத்துக்காக அல்ல, துணிகளுக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க. கொஞ்சம் தள்ளி வட்டகொடையில் ஜீவராணியின் வீட்டிலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வாங்கிய சான்றிதழ்களைக்கூட அவள் அந்தப் பல்புக்குக் கீழேதான் வைத்திருக்கிறாள். இப்படிப்பட்ட ஊரில், கரண்டில் ஓடும் ஒரு பெட்டி படுத்துவிட்டது, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருந்தது என்றால், அதற்குமேல் யார் என்ன யோசிப்பார்கள்?

"தண்ணிய உள்ள கொண்டுபோக விட்டது நம்ம தப்பு," என்றார் றோலண்ட். "இனிமே ஒரு சொட்டு போகக் கூடாது."

அன்றே அம்மாக்கண்ணுவை, விசாரணை முடியும் வரை வர வேண்டாமென்று அனுப்பினார். ஈரத்துணி போய், கூட்டித் தள்ள நைலோன் தும்புத்தடி வந்தது. தூசு வராமலிருக்க எல்லோருக்கும் பிளாஸ்டிக் செருப்பு வந்தது. மூலையில் ஓடும் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஜீவராணியே முழு வேகத்துக்குத் திருப்பி வைத்தாள். சுவரிலிருந்த திரையில் ஈரப்பதத்தைக் காட்டும் எண் நாளுக்கு நாள் இறங்கியது. பின்னால் பச்சை நிறம் ஒளிர்ந்தது.

"சூப்பர்," என்றார் றோலண்ட் ஒவ்வொரு காலையும். "நல்லாக் காஞ்சிருக்கு."

ஆனால் பெட்டி முன்பைவிட அடிக்கடி படுத்தது.

"முதல்லயே உள்ள போன தண்ணி, சேர்," என்றார் காவலுக்கு நிற்கும் இராமையா, கேட்காமலே. "உள்ளுக்குள்ள இருந்து அரிக்குது." றோலண்டும் தலையாட்டினார். அம்மாக்கண்ணு போனபின் பெட்டிக்கு நோய் கூடியதுகூட றோலண்டின் முடிவுக்கு ஆதரவாக வந்ததே தவிர விரோதமாகப் போகவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் ஜீவராணி அம்மாக்கண்ணு இருக்கும் தோட்டத்து லயத்துக்குப் போனாள். விசாரணைக்கு வரச் சொல்லித் தகவல் கொடுக்க வேண்டும். போன் பண்ணியே சொல்லியிருக்கலாம், மனம் வரவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் தேயிலைச் செடிகள் பனியில் கருகி, யாரோ நெருப்பு வைத்துவிட்டுப் போனதுபோல் நின்றன. அதன்மேல் மூடுபனி நகர்ந்துகொண்டிருந்தது. கொழுந்து இல்லாததால் மலையில் ஆளும் இல்லை.

அம்மாக்கண்ணு லயத்தின் கோடியில் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க மிஸ். உக்காருங்க. தேத்தண்ணி ஊத்துறேன்."

"வேணாங்கா. நாளைக்குக் காலையில வரச் சொன்னாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"வர்றேன்." ஈரக்கையைச் சேலையில் துடைத்தார். "அந்த மெஷினு எப்புடி இருக்கு?"

"இன்னும் சரியாகல."

"இங்கெல்லாம் என்னய மெஷினக் கொன்னவன்னு சொல்றாங்க மிஸ். பைப்படியில நின்னா, 'தண்ணியப் பாத்துப் புடி, கொழும்பு நின்னுரும்'னு கிண்டல்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் அந்தக் கடைசி வரிசைக்கு வாளியக் கொண்டுபோனதே இல்ல. அன்னைக்கும் கொண்டுபோகல. ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, எனக்கே ஒரு சந்தேகம் வந்திருச்சு. நம்ம அறியாம துணியில இருந்து தெறிச்சிருக்குமோ? நான்தான் செஞ்சிருப்பேன்போல."

"அப்புடிச் சொல்லாதீங்க. நாளைக்கு அங்க வந்து இதச் சொல்லீறாதீங்க."

"அந்த ரூமுக்கே என்னயப் புடிக்கல மிஸ். கடைசி நாளு, கதவுப் புடியத் தொட்டேன், சுள்ளுன்னு கடிச்சிச்சு. போடி வெளியேன்னு சொன்ன மாதிரி இருந்திச்சு."

"அது எல்லாரையும்தான் கடிக்குது. எலெக்ட்ரீஷியன் பாத்தாரு, ஒண்ணும் இல்லையாம்."

சொல்லிவிட்டு ஜீவராணி புறப்படத் திரும்பினாள். உள்ளே அலுமாரிக் கதவு பாதி திறந்திருந்தது. துணிகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பல்ப் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. விசாரணைக்குக் கட்டிவர எடுத்து வைத்த சேலை மேலே மடிப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை விசாரணைக்குக் கொழும்பிலிருந்து வந்தவள் தனுஜா. ஜீவராணியின் வயதுதான் இருக்கும். இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தும் நடுங்கிக்கொண்டு வாகனத்தை விட்டு இறங்கினாள். கேட்டுக்குப் பக்கத்தில் சொட்டும் மூடுபனிக்குக் குடை பிடித்து நின்ற அம்மாக்கண்ணுவை யாரென்று தெரியாமல் கடந்து வந்தாள்.

"முதல்ல இடத்தைப் பார்க்கலாமா? பிறகு அந்த அம்மாவைக் கூப்பிடுவோம்," என்றாள்.

"ஜீவா காட்டுவாங்க," என்றார் றோலண்ட். "எங்க ஆள் அதுல கெட்டிக்காரி. யார் வந்தாலும் அவங்கதான் விளக்கம். கேட்டுக்கிட்டே நின்னு சில பேருக்கு பஸ்ஸே தப்பியிருக்கு."

உண்மைதான். எந்தப் பொருளானாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லத் தொடங்கினால் ஜீவராணிக்கு நிறுத்தத் தெரியாது. அன்று அவளுக்குப் பேச மனமில்லை. ஆனால் மாடிப் படியேறிய உடனே, பழைய வழக்கம் வாயைத் தானாகத் திறந்துவிட்டது.

"இது கொழுந்து வாட்டுன மாடி. பறிச்ச கொழுந்துல முக்காவாசி தண்ணிதான். அதுல ஒரு பங்க வெளிய எடுத்தாத்தான் இலை தொய்ஞ்சு, உருட்டுறதுக்கு வரும். அதுக்குக் காத்த அடிப்பாங்க. ஆனா பாருங்க, வெளிய மூடுபனி. அந்தக் காத்து வயிறு முட்டத் தண்ணி குடிச்சிருக்கு. அத அப்புடியே அடிச்சா இலை வாடவே வாடாது."

"அப்ப மழை நாள்ல என்ன செய்வாங்க?" தனுஜா உண்மையிலேயே கேட்டாள்.

"அதான் வேடிக்கை. கீழ தேயிலை காயவைக்கிற அடுப்புல இருந்து கொஞ்சம் சூட்டக் கொண்டாந்து, அதே மூடுபனிக் காத்தோட கலப்பாங்க. காத்துல இருந்து தண்ணிய யாரும் எடுக்கல. ஆனா சூடானா காத்தோட வயிறு பெருசாயிரும். இப்ப அதுக்குள்ள இருக்கிற தண்ணி அதுக்குக் காணாது. தாகம் எடுக்கும். கண்ணுல படுற இலையில இருந்தெல்லாம் உறிஞ்சும். வெளிய காத்து எவ்வளவு குளிரோ, உள்ள வந்து சூடானப்புறம் அவ்வளவு தாகம். பனி விழுற நாள்லதான் இலை சீக்கிரமா..."

ஜீவராணி நின்றுவிட்டாள்.

முன்னால் இலை இல்லை. இலை இருந்த இடத்தில் பெட்டிகள் நின்றன. வெளியே பனி. பனிக்காற்று உள்ளே வருகிறது, பெட்டிகளின் சூட்டோடு கலக்கிறது, அதன் வயிறு பெருக்கிறது. இதே மாடி, இதே காற்று, இதே வேலை. இதை அவள் வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். அது போதாதென்று, மூலையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கிறது. முழு வேகத்துக்குத் திருப்பியது அவளுடைய கை.

அவள் திரையைப் பார்த்தாள். ஈரப்பதம் பத்தொன்பது என்றிருந்தது. பச்சை நிறத்தில்.

"சேர்," என்றாள், "ஈரம் கூடினா மணி அடிக்கும். குறைஞ்சா?"

றோலண்ட் விழித்தார். "குறைஞ்சா எதுக்கு அடிக்கணும்? குறைஞ்சா நல்லதுதானே?"

அதுதான் நடந்திருந்தது. இந்தக் கருவியைப் பொருத்தியபோது மேல் எல்லைக்கு மட்டும் மணி வைத்தார்கள். கீழ் எல்லை என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் மணி வைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உப்பு அழுகிற ஊரில், காய்ந்து போவதற்கு யார் பயப்படுவார்கள்? பிழை ஒவ்வொரு நாளும் சுவரில் பச்சையாக ஒளிர்ந்தது, அவர்கள் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

"திலக்ஷன், அந்தப் பெட்டியில ஓடுற வேலைய பக்கத்துப் பெட்டிக்கு மாத்துங்க. பின்னேரம் வரைக்கும் அது தாங்கும்."

மாற்றி முடிந்ததும் அவனைக் கதவடிக்கு வரச் சொன்னாள். அவன் வழக்கம்போலக் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தான், காலில் பிளாஸ்டிக் செருப்பு.

"இப்ப இங்க இருந்து நடந்து போய், பெட்டியோட முன்பக்கப் புடியத் தொடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

"வேணாம் மிஸ். நான் போனாத்தான் அது..." சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்தினான். "முதல் நாளும் நான்தான் போனேன்."

"தெரியும். போங்க."

போனான். செருப்பு தரையில் சரசரத்தது. விரலை நீட்டினான். "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டான். பச்சை விளக்குகள் ஒன்றாக அணைந்தன.

விசிறிகள் தணிந்து மறுபடி எழும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன நடந்தது?" என்றாள் தனுஜா.

ஜீவராணி தன் ஸ்வெட்டரின் கையைத் தனுஜாவின் ஸ்வெட்டரில் நாலு தரம் தேய்த்தாள். பிறகு விரலைக் கதவுப் பிடிக்குக் கிட்டக் கொண்டுபோனாள். படக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

"கம்பளியும் நைலோனும் பிளாஸ்டிக்கும் ஒண்ணோட ஒண்ணு தேஞ்சா மின்சாரம் சேரும். எப்பவும் சேரும். ஆனா காத்துல ஈரம் இருந்தா எல்லாப் பொருளு மேலயும் கண்ணுக்குத் தெரியாம ஒரு மெல்லிய தண்ணிப் படலம் இருக்கும். சேருற மின்சாரம் அது வழியா அப்பப்ப வழிஞ்சு போயிரும், நமக்குத் தெரியவே தெரியாது. இங்க அந்தப் படலம் இல்ல. போக வழி இல்லாம ஆளு மேலயே நிக்குது. எதையாவது இரும்பத் தொட்டதும் ஒரே பாய்ச்சல். நமக்கு ஒரு சுள்ளு. பெட்டிக்கு மயக்கம். கசிவு இல்லன்னு எலெக்ட்ரீஷியன் சொன்னது சரி. கரண்ட் பெட்டியில இருந்து வரல, நம்மகிட்ட இருந்து போகுது."

"அதான் யாரும் போகாட்டி நல்லா ஓடுது," என்றான் திலக்ஷன் மெதுவாக.

"ஏன் இந்தப் பெட்டி மட்டும்?" தனுஜா விடவில்லை.

அதற்கு விடை அப்போது ஜீவராணிக்குத் தெரியவில்லை. டோர்ச்சோடு பெட்டிக்குப் பின்னால் படுத்துத் தேடினாள். எல்லாப் பெட்டியிலிருந்தும் ஒரு தடித்த செப்புக் கம்பி கட்டடத்தின் எர்த்துக்குப் போகும். எங்கே பாய்ந்தாலும் மின்சாரம் அந்த வழியாக நிலத்துக்கு இறங்கிவிட வேண்டும். இந்தப் பெட்டியிலும் கம்பி இருந்தது, திருகாணியும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஆணிக்குக் கீழே பெயின்ட். துரு பிடிக்காமலிருக்க யாரோ தடிப்பாகப் பூசி, அதன்மேலேயே கம்பியை முறுக்கியிருந்தார்கள். ஈரத்துக்குப் பயந்து பூசிய பெயின்ட். கம்பி இரும்பைத் தொடவே இல்லை.

நிவாரணத்தையும் அன்றே பார்த்துவிட வேண்டும் என்று நின்றாள். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை நிறுத்தினாள். திலக்ஷன் கீழே போய், புதிதாக வாங்கி வைத்திருந்த தடித்த பருத்தித் துணிகளை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தான். றோலண்ட் அவற்றைக் காற்று உள்ளே வரும் ஜன்னலில் கட்டச் சொன்னார்.

"அங்க கட்டிப் பிரயோசனம் இல்ல சேர். அது பனிக்காத்து, வயிறு நிறைஞ்ச காத்து. ஒரு சொட்டும் குடிக்காது. சூடான காத்து திரும்பி வாற வழியில கட்டணும். அதுக்குத்தான் தாகம்."

வடிகட்டிக்கு முன்னால், சூடான காற்றின் பாதையில் துணிகளைக் கட்டினார்கள். வெளிக்காற்றின் வாசலைப் பாதி மூடினார்கள். ஈரத்துணியால் ஜீவராணியே தரையைத் துடைத்தாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தபோது எண் நாற்பத்திரண்டு. பெயின்ட்டைச் சுரண்டும் முன்பே திலக்ஷனை மறுபடி நடக்கச் சொன்னாள். அவன் அதே ஸ்வெட்டரோடு, அதே செருப்போடு போய்ப் பிடியைத் தொட்டான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டான். வேண்டுமென்றே கையை ஸ்வெட்டரில் தேய்த்துத் தேய்த்துத் தொட்டான். பெட்டி அவனைக் கவனிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணியால கெட்டதில்ல," என்றாள் ஜீவராணி. "அவங்க துடைச்சுக்கிட்டு இருந்தவரைக்கும் கொஞ்சமாவது ஈரம் இருந்திச்சு. நாங்கதான் அதையும் நிப்பாட்டினோம்."

அப்போதுதான் எல்லோருக்கும் அம்மாக்கண்ணுவின் நினைவு வந்தது.

அவர் காலையிலிருந்து கேட்டடியிலேயே நின்றார். உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை. அலுமாரியில் காயவைத்து எடுத்துவந்த சேலையின் கீழ்ப்பக்கம் முழுக்க நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தனுஜா அவரை ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டு, உட்காரக் கதிரையைக் காட்டினாள். அவர் நின்றபடியே இருந்தார்.

"உங்க மேல உள்ள குற்றச்சாட்டு நிரூபிக்கப்படல அம்மா. திங்கட்கிழமையில இருந்து வேலைக்கு வரலாம்."

"சரிங்க." நகராமல் நின்று கேட்டார். "அப்ப நான் செய்யலயா, இல்ல செஞ்சது தெரியலயா?"

தனுஜா றோலண்டைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் அம்மாக்கண்ணு," என்றார் றோலண்ட். "வேலை இருக்குல்ல? போய்ட்டு வாங்க."

ஜீவராணி அவரோடு கேட் வரைக்கும் நடந்தாள். காற்றின் வயிற்றைப் பற்றிச் சொன்னாள், தாகத்தைப் பற்றி, கம்பளியைப் பற்றி, கதவுப் பிடி ஏன் கடித்தது என்பதைப் பற்றி. ஒன்றையும் விடாமல், பொறுமையாக, கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். அம்மாக்கண்ணு இடையில் பேசாமல் கேட்டார். நன்றாக விளங்கிக்கொண்டார் என்பது அவர் கேட்டதிலிருந்து தெரிந்தது.

"அப்ப, ஈரம் இல்லாததுனாலதான் அது படுத்திருக்கு."

"ஆமாக்கா."

"ஈரமாக்குனேன்னுதானே என்னய அனுப்புனீங்க."

அம்மாக்கண்ணு குடையை விரித்துக்கொண்டு மூடுபனிக்குள் இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்தார். ஜீவராணி வாளியில் தண்ணீர் பிடித்து, புதுத் துணியை நனைத்துப் பிழிந்து, சர்வர் அறைக் கதவடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மாக்கண்ணு வாளியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேற எதையும் சொல்லுங்க மிஸ். கக்கூஸ் கழுவுறேன், கூரை ஏறிக் குப்பை தட்டுறேன். அதுக்குள்ள மட்டும் தண்ணி எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லாதீங்க."

"இனிமே யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்கக்கா. நான் இருக்கேன்ல?"

"அன்னைக்கும் நீங்க இருந்தீங்க மிஸ்."

அவர் சண்டைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். தும்புத்தடியை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் போனார். இன்று வரை அவர் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. முன்பு தேத்தண்ணி நேரத்தில் வந்து ஜீவராணியின் பக்கத்தில் உட்காருவார், இப்போது பின்கட்டில் தனியாகக் குடித்துவிட்டுப் போகிறார்.

சர்வர் அறையின் ஏற்பாடு இப்போது இப்படி. ஈரப்பதம் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் நிற்க வேண்டும். அறுபதைத் தாண்டினாலும் மணி அடிக்கும், நாற்பதுக்குக் கீழே போனாலும் அடிக்கும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிறது. பனி விழும் மாதங்களில் அதை நிறுத்திவிட்டு, சூடான காற்று திரும்பிவரும் பாதையில் பொருத்திய ஈரமூட்டியை ஓடவிடுகிறார்கள். கம்பளி ஸ்வெட்டரைக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, உடம்பில் சேரும் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் எர்த் பட்டியைக் கையில் கட்டிக்கொண்டுதான் உள்ளே போகலாம். பிளாஸ்டிக் செருப்பும் நைலோன் தும்புத்தடியும் எடுக்கப்பட்டுவிட்டன. எல்லாப் பெட்டிகளிலும் எர்த் ஆணியின் கீழே பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு தெரிந்தபின் கம்பியை முறுக்கியிருக்கிறார்கள். காலையில் ஒரு தரமும் பின்னேரம் ஒரு தரமும், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஜீவராணி தரையைத் துடைக்கிறாள். மூன்றாவது வரிசைப் பெட்டி அதற்குப் பிறகு படுக்கவில்லை.